கலாப காலத்தில் சம்பந்தம்: ஜ்யோதிஷ்குடியும் மதுரைச் சமவெளியும்

பிள்ளை லோகாசார்யர் திருநாட்டுக்கு எழுந்தருளிய இடம் ஜ்யோதிஷ்குடி. மதுரைக்கு வடகிழக்கே, யானைமலையின் அடிவாரத்தில் உள்ள கொடிக்குளமே அவ்வூர் என்று ஸ்ரீவைஷ்ணவர்கள் போற்றி வருகின்றனர். அதே மலையின் மற்றொரு பக்கத்தில், நரசிங்கத்தில், கி.பி. 770இல் குடையப்பெற்ற நரசிங்கப் பெருமாள் குடைவரை உள்ளது. பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி அதைத் தொடங்கி, முடிக்குமுன் மாண்டான். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துப் பிரதிஷ்டை செய்வித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, இம்மலையடிவாரத்துக்குக் கோயிலிலிருந்து, அதாவது ஸ்ரீரங்கத்திலிருந்து, முதிர்ந்த ஆசார்யர் ஒருவர் தம் பெருமாளோடு வந்து சேர்ந்தார். வரும்போது அவரிடம் ஆபரணம் இல்லை, பண்டாரம் இல்லை. புறப்படும்போது இருந்தவையும் வழியில் போயின.

அவர் எவற்றை இழந்தார், எவற்றை இழக்க உடன்படவில்லை என்பதை நோக்கினால், 14ஆம் நூற்றாண்டின் கலாபத்தை ஸம்ப்ரதாயம் எவ்வாறு கடந்தது என்பது விளங்கும்.

அக்காலத்தில் தென்னாட்டுப் படையெடுப்புகளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பொருளையே எண்ணினார்கள். மாபார் என்று அவர்கள் அழைத்த பாண்டிய நாட்டின் கருவூலத்தில் 1,200 கோடிப் பொன் இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். 1311இல் மாலிக் காஃபூர் தெற்கிலிருந்து தில்லிக்குத் திரும்பியபோது 612 யானைகளும் 20,000 குதிரைகளும் 96,000 மணங்கு பொன்னும் கொண்டுசென்றதாக பரணி எழுதினார். இவ்வெண்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பெருங்கோயில்கள் மீது கண் விழுந்ததற்கு இந்தச் செல்வப் புகழ் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அந்தப் புகழில் மதுரைக்கும் பங்கு உண்டு. 1251இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தர பாண்டியன் ஸ்ரீரங்கத்து விமானத்தைப் பொன்னால் வேய்ந்து, கோயில் பொன்வேய்ந்த பெருமாள் என்ற பெயரையே பெற்றான். அவன் வழியில் வந்த மாறவர்மன் குலசேகரனின் மைந்தர்களோ, சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும், அரியணைக்காகத் தம்முள் போரிட்டார்கள். தந்தையைச் சுந்தர பாண்டியனே கொன்றான் என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். பொன்னுக்கும் நாட்டுக்குமாக உறவை அறுத்துக்கொண்ட அரண்மனை, படை வந்தபோது எதையும் காக்க வல்லதாக இருக்கவில்லை.

1323இல் உலூக்கான் (பின்னாளில் முகம்மது பின் துக்ளக்) தலைமையில் வந்த படையே ஸ்ரீரங்கத்தின் நெடும்பிரிவுக்குக் காரணமாயிற்று. செய்தி வந்தபோது மூலவரின் திருமுன்பு கல்திரை எழுப்பி மறைக்கப்பட்டது. உத்ஸவரான அழகிய மணவாளனை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு ஒரு சிறு குழு தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அதற்குத் தலைவராக நின்றவர் பிள்ளை லோகாசார்யர். அவருடைய திருநக்ஷத்திரத்தை 1205ஆம் ஆண்டில் வைக்கும் ஸம்ப்ரதாயக் கணக்கின்படி அப்போது அவருக்கு வயது நூற்றுப் பதினெட்டு. தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அதற்கு முன்பே பரமபதித்திருந்தார். குடும்பம், மனை என்ற பற்றுகள் இன்றி நைஷ்டிகராக வாழ்ந்த அவருக்கு, விட்டுவர வேண்டிய வீடு திருவரங்கம் ஒன்றே.

காட்டுவழியில் கள்வர்கள் மறித்துப் பெருமாளுடைய திருவாபரணங்களையும் உடன் வந்த பொருள்களையும் பறித்துச் சென்றார்கள் என்று குருபரம்பரைச் செய்திகள் கூறுகின்றன. இதைக் கேட்ட பிள்ளை லோகாசார்யர் கலங்கவில்லை. தம்மிடம் எஞ்சியிருந்ததையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டார் என்பதே அச்செய்தியின் முடிவு.

இச்செயலை வைராக்கியத்தின் அடையாளம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அவ்விளக்கம் போதாது. பெருமாளின் ஆபரணம் தேவஸ்வம். அதைக் காப்பது கைங்கர்யபரரின் கடமை. ஓர் ஆசார்யர் அதன் இழப்பைப் பொருட்படுத்தாமல் இருந்தார் என்றால் அது புகழ்ச்சியாகாது. கவனிக்க வேண்டியது, அவர் தாமாகக் கொடுத்தது பெருமாளுடைய பொருளை அன்று, தம்முடையதை என்பது. பெருமாளுடையது முன்பே பறிபோயிற்று. எஞ்சியது ஆசார்யரின் பொருள், உடன் வந்தவர்களின் உயிர், பெருமாளின் திருமேனி. முதலாவதைக் காக்க நின்றால் மற்ற இரண்டும் ஆபத்துக்குள்ளாகும். அவர் செய்தது துறவைக் காட்டிலும் தெரிவு என்று சொல்வதே பொருத்தம்.

அத்தெரிவுக்கான காரணம் அவருடைய நூல்களிலேயே உள்ளது. அஷ்டாதச ரஹஸ்யங்களுள் நவவித சம்பந்தம் என்னும் சிறு ப்ரபந்தம், திருமந்த்ரத்தின் வழியே ஜீவனுக்கும் எம்பெருமானுக்கும் உள்ள ஒன்பது உறவுகளைக் காட்டுகிறது: தந்தை–மகன், காப்பவன்–காக்கப்படுவது, சேஷி–சேஷன், கணவன்–மனைவி, அறிபவன்–அறியப்படுவது, உடையவன்–உடைமை, தாங்குபவன்–தாங்கப்படுவது, ஆத்மா–சரீரம், துய்ப்பவன்–துய்க்கப்படுவது. இவற்றுள் ஆறாவதாகிய ஸ்வ–ஸ்வாமி சம்பந்தம் இங்கே கருதத்தக்கது. உடைமை என்பது ஜீவன் கைக்கொள்ளும் பொருளைக் குறிப்பதாக இங்கே இல்லை. ஜீவன் தானே உடைமை, எம்பெருமான் உடையவன். உடைமை என்ற சொல்லே இங்கு ஓர் உறவின் பெயராகிவிடுகிறது. இவ்வாறு எழுதியவருக்குக் கள்வன் கேட்ட பொருள் பெரிதாகத் தோன்றவில்லை என்பதில் வியப்பில்லை. கள்வனால் கொண்டுபோக முடியாத உடைமை வேறு இருந்தது.

இன்னும் ஆழமான இடம் ஸ்ரீவசன பூஷணத்தில் உள்ளது. எம்பெருமான் காப்பவன், ஜீவன் காக்கப்படுபவன் என்பது ஞான தசையில் நிலைநிற்கும் முறை. ப்ரேம தசையில் அது தட்டுமாறிப் போகும்: எல்லாம் வல்லவனுக்கு என்ன நேருமோ என்று அவனால் காக்கப்படுபவன் அஞ்சிக் காவலிருப்பான். இந்த மங்களாசாஸனப் பொருளுக்கு ஆழ்வார்களில் முதல் எடுத்துக்காட்டு பெரியாழ்வார். நிகழ்ந்த இடமும் இதே மதுரை. ஸ்ரீவல்லப பாண்டியனின் அவையில் பரதத்துவத்தை நிர்ணயித்துப் பொற்கிழி பெற்ற ஆழ்வாரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தபோது, எம்பெருமான் பிராட்டியோடு கருடவாகனத்தில் காட்சி தந்தான். யாவரும் காணும்படி வெளிப்பட்ட அவ்வழகுக்குக் கண்ணேறு வருமோ என்று அஞ்சிய ஆழ்வார், யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு திருப்பல்லாண்டு பாடினார். கையில் பொற்கிழி இருந்தும் அப்போது அவருக்குப் பொருளைக் குறித்த கவலை எழவில்லை.

பிள்ளை லோகாசார்யர் சூத்திரமாக எழுதிய அந்தத் தட்டுமாறல், கூடலுக்கு அருகிலேயே அவர் வாழ்வில் நிகழ்ந்தது. உலகைத் தாங்குபவனை மனிதத் தோள்கள் தாங்கின. காப்பவனுக்குக் காக்கப்படுபவர்கள் காவல் நின்றார்கள். பெரியாழ்வாருக்கு வந்த அச்சம் அன்பினால் விளைந்தது. ஆபத்து ஏதும் எதிரில் இல்லை. 1323இல் ஆபத்து மெய்யாகவே பின்தொடர்ந்தது. சூத்திரத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை வந்ததில்லை.

பொருளையெல்லாம் அவர்கள் ஒருபோலக் கைவிட்டதாகவும் கொள்ளக் கூடாது. அதே கலாபத்தில் சுதர்சன ஸூரி திருவரங்கத்தில் உயிர் துறந்தார். அதற்குமுன், நடாதூர் அம்மாளிடம் தாம் கேட்ட ஸ்ரீபாஷ்யப் பொருளை விரித்தெழுதிய ச்ருதப்ரகாசிகையின் ஓலைச்சுவடியையும், தம் இரு இளங்குமாரர்களையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்தார். மாண்டவர்களின் உடல்களுக்கிடையே மறைந்திருந்து உயிர் தப்பிய தேசிகர், சுவடியையும் சிறுவர்களையும் கன்னட நாட்டில் காவிரிக்கரையிலுள்ள ஸத்யாகாலத்துக்குக் கொண்டுசேர்த்தார். நூலும் பிள்ளைகளும் ஒரே மூச்சில் ஒரே கையில் ஒப்படைக்கப்பட்டன என்பது கருதத்தக்கது. ஆசிரியன் சொன்னதை மாணவன் ஏந்திய தடயம் அச்சுவடி. ஆகவே அது பொருள்களின் கணக்கில் சேராமல் பிள்ளைகளின் கணக்கில் சேர்ந்தது. இன்று வடகலையார், தென்கலையார் என்ற பிரிவில் இவ்விரு செய்திகளையும் தனித்தனியே கொண்டாடும் வழக்கம் உண்டு. கலாபம் நடந்த ஆண்டில் தேசிகர் வடமேற்கே சென்றதும் லோகாசார்யர் தெற்கே சென்றதும் ஒரே வீடு எரியும்போது இருவர் இருவேறு வாயிலால் குழந்தைகளை வெளியேற்றியதை ஒக்கும்.

ஜ்யோதிஷ்குடியில் பிள்ளை லோகாசார்யரின் திருமேனி தளர்ந்தது. ஆனி மாதத்துக் கிருஷ்ணபக்ஷ துவாதசியன்று அவர் பரமபதித்தார். இறுதியில் சீடர்களிடம் அவர் சொல்லிச் சென்றது ஒரு பெயர்: திருமலையாழ்வார். இளமையிலேயே தம் திருவடி சம்பந்தம் பெற்றிருந்தும், பின்னர் மதுரையின் அரசாட்சிப் பொறுப்பில் ஈடுபட்டு, தமிழ்ப் புலமையில் பெயர்பெற்று, ஸம்ப்ரதாயத்தை விட்டு விலகியிருந்தவர் அவர். அவரை மீட்டு அர்த்த விசேஷங்களை உபதேசிக்க வேண்டும் என்பது நியமனம். பங்கிட வேண்டிய சொத்து ஒன்றும் இல்லாத மரணசாசனத்தில் எஞ்சியது, பிரிந்துபோன ஒரு மாணவனைப் பற்றிய கவலை.

இந்நியமனத்தை நிறைவேற்றியவர் கூரகுலோத்தம தாஸர். யானைமேலும் பல்லக்கிலும் உலாவரும் அதிகாரியை வழியில் எதிர்கொண்டு, திருவிருத்தத்தின் முதற்பாசுரத்தை அவர் செவியில் படும்படி ஓதினார். பொருள் என்ன என்று திருமலையாழ்வார் கேட்க, தாஸர் சொல்ல மறுத்தார். மறுத்த தாஸர் அதிகாரியின்மேல் உமிழ்ந்தார் என்றும், அதிகாரி அதைப் பொறுத்துக்கொண்டு அவரைத் தண்டியாமல் விட்டார் என்றும் வரலாறு கூறுகிறது. வீட்டில் இதைக் கேள்வியுற்ற சிற்றன்னையார் திருமலையாழ்வாரைக் கண்டித்து, பிள்ளை லோகாசார்யரோடு அவருக்கிருந்த பழைய தொடர்பை நினைவூட்டினார். பின்பு தாஸரைக் கண்டு அவர் திருவடி பணிந்தார் திருமலையாழ்வார். நாள்தோறும் உபதேசம் கேட்கலானார். முடிவில் அதிகாரத்தை விட்டு ஆசார்யரிடமே தங்கினார். மதுரையில் ஒரு பதவி காலியாயிற்று. ஆசார்ய பரம்பரை அறாமல் நின்றது.

அந்தப் பரம்பரையைச் சார்ந்தே ஈடு முப்பத்தாறாயிரமும் பிழைத்தது. நம்பிள்ளையின் காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை பட்டோலைப்படுத்த, அது ஈயுண்ணி மாதவப் பெருமாள், அவர் குமாரர் பத்மநாபப் பெருமாள், நாலூர் பிள்ளை, அவர் குமாரர் நாலூராச்சான் பிள்ளை என்று ஓராண் வழியாகவே வந்தது. நாலூராச்சான் பிள்ளையிடமிருந்து அதைப் பெற்றவர் திருமலையாழ்வார். திருவாய்மொழியில் அவருக்கிருந்த ஈடுபாட்டால் திருவாய்மொழிப் பிள்ளை என்ற திருநாமமும் பெற்றார். பொன்வேய்ந்த விமானத்தைச் சுற்றி மதில் ஏழு இருந்தன. ஈட்டுக்கு இருந்த காவல் இந்த நாலைந்து மனிதர்கள் மட்டுமே.

இதற்கிடையில் மதுரைச் சமவெளி அமைதியாக இருக்கவில்லை. 1335இல் ஜலாலுத்தீன் அஹ்ஸன் கான் தில்லியிலிருந்து பிரிந்து மதுரையில் தனியாட்சி அமைத்தான். 1340களில் அங்கு வந்த இப்னு பதூதா, சுல்தான் கியாஸுத்தீனுக்கு மணவழி உறவினர். ஆயினும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற அவன் கொடுமையை வெறுப்போடு பதிந்தார். மதுரையில் பரவிய கொள்ளைநோயில் இரண்டு மூன்று நாளில் மக்கள் மாண்டதையும் எழுதினார். இந்நிலத்தில் ஒரு திருமேனியை மறைத்து வைத்திருப்பது இயலாது. அழகிய மணவாளன் ஜ்யோதிஷ்குடியிலிருந்து திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளினான். அங்கு வெட்டிய கிணறு அழகிய மணவாளன் கிணறு என்றே வழங்கிற்று. பின்பு கோழிக்கோடு, திருக்கணாம்பி, புங்கனூர், திருமலை என்று பயணம் நீண்டது.

ஆழ்வார்திருநகரியிலிருந்து நம்மாழ்வாரும் இவ்வாறே புறப்பட்டு, கோழிக்கோட்டில் பெருமாளோடு சேர்ந்து எழுந்தருளியிருந்தார். பின்னர் ஆழ்வாரின் திருமேனியைப் பேழையில் வைத்து மலைச்சரிவு ஒன்றில் மறைக்க நேர்ந்தது. அதை மீட்கத் துணை தேடித் தோழப்பர் என்பவர் மதுரைக்கு, திருமலையாழ்வாரிடம் வந்தார். அங்கிருந்து ஆள்களும் உதவியும் பெற்றுச் சென்று, தாமே சரிவில் இறங்கினார். முதலில் ஆழ்வாரை மேலேற்றி அனுப்பினார். அடுத்துத் தாம் ஏறும்போது தவறி விழுந்து மாண்டார். அழுதுநின்ற அவர் மகனுக்கு, இனித் தாமே தந்தை என்று ஆழ்வார் அருளினார் என்பது பரம்பரைச் செய்தி. மீட்பவர்களுக்கு நிலமோ பொன்னோ பரிசாகத் தருவது அரசர் வழக்கம். இங்கே ஈடாகத் தரப்பட்டது ஒரு தந்தை. நவவித சம்பந்தத்தின் முதல் உறவும் அதுவே.

காடு மண்டிக் கிடந்த திருநகரியைத் திருவாய்மொழிப் பிள்ளை சீர்ப்படுத்தி, நம்மாழ்வாரை மீண்டும் எழுந்தருளப் பண்ணினார். எம்பெருமானார்க்குத் தனிக் கோயில் கண்டு, அதைச் சுற்றி ராமாநுச சதுர்வேதிமங்கலத்தை அமைத்தார். அகதியாய்ப் போன தலைமுறை முதலில் கட்டியது தெரு. அடியார்கள் அடுத்தடுத்து வாழும் வீடுகள். 1370இல் திருவவதரித்து அங்கே அவர் திருவடி பணிந்த மணவாள மாமுனிகளே பின்னாளில் பிள்ளை லோகாசார்யரின் ரஹஸ்யங்களுக்கு வியாக்கியானம் அருளி, திருவரங்கத்தில் பெருமாள் திருமுன்பே ஓராண்டு ஈட்டைக் காலக்ஷேபம் செய்தார். ஜ்யோதிஷ்குடியில் சொல்லப்பட்ட ஒரு பெயர் இல்லையேல் இவை இல்லை.

மாமுனிகள் அவதரித்ததற்கு அடுத்த ஆண்டிலேயே திருவரங்கத்தின் பிரிவு தீர்ந்தது. குமார கம்பணனின் படை மதுரை ஆட்சியை வீழ்த்த, அவனுடைய அதிகாரி கோபணார்யர் பெருமாளைத் திருமலையிலிருந்து செஞ்சியை அடுத்த சிங்கபுரத்துக்கு எழுந்தருளச் செய்திருந்து, சகம் 1293, கி.பி. 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்வித்தார். கோயில் மதிலில் உள்ள கல்வெட்டுச் சுலோகங்கள் இதற்குச் சான்று. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஆனால் கோயிலொழுகு இங்கு ஓர் இக்கட்டைப் பதிந்திருக்கிறது. உத்ஸவர் இல்லாத காலத்தில் வேறொரு திருமேனி எழுந்தருளப் பண்ணப்பட்டு ஆராதனம் நடந்துவந்தது. திரும்பி வந்தவர்தாம் பழைய அழகிய மணவாளன் என்று சொல்ல, முன்பு கண்டவர்கள் எவரும் ஊரில் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய திருவாபரணங்களோ மதுரைக் காட்டுவழியில் போயிருந்தன. அப்போது முதுமையால் கண்ணிழந்த ஈரங்கொல்லி ஒருவர் இருப்பது தெரியவந்தது. திருமஞ்சனத்துக்குப்பின் பெருமாளின் ஈரவாடையை வாங்கி, பிழிந்த தீர்த்தத்தைப் பருகி, துவைத்துத் தருவது அவர் இளமையில் செய்த கைங்கர்யம். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடைத் தீர்த்தத்தைத் தனித்தனியே அவரிடம் கொடுத்தார்கள். கஸ்தூரியும் கர்ப்பூரமும் கமழும் பழைய சுவையை நாவால் அறிந்து, இவரே நம்பெருமாள் என்று அவர் கூறினார். அன்றுமுதல் அழகிய மணவாளனுக்கு அத்திருநாமமே வழங்கலாயிற்று என்பர்.

பிரிவுக்காலத்தில் ஆராதிக்கப்பெற்ற மற்றைத் திருமேனியையும் எவரும் அகற்றவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற திருநாமத்தோடு அவர் இன்றும் அங்கேயே எழுந்தருளியிருக்கிறார்.